மலை ஏறப் புறப்பட்டார்கள்

ரிஷிகேஷில் விடியற்காலை ஐந்து மணி. பத்துப் பேர் வேனில் ஏறினார்கள். கேதார்நாத், துங்கநாத், ருத்ரநாத். மூன்று மலைகள்!

"மாதாஜி, உங்கள் மாத்திரை?" என்று டிரைவர் கேட்டார். பாட்டிக்கு இரத்த அழுத்தம். பையில் சீட்டு இருந்தது. மாத்திரை இல்லை. மருந்துக் கடை திறக்கும் வரை வேன் நின்றது. சிலர் முணுமுணுத்தார்கள். டிரைவர் அசையவில்லை.

கேதார்நாத் 3,583 மீட்டர் உயரம். கௌரிகுண்டம் வரைதான் வண்டி. பிறகு சுமார் 16 கிலோமீட்டர் நடை. மேலே போகப் போகக் காற்று மெலியும். மூச்சு வாங்கும். தலைவலி, வாந்தி வந்தால் மேலே ஏறக் கூடாது. குறையாவிட்டால் கீழே இறங்க வேண்டும்.

"தலை வலித்தால் மறைக்காதீர்கள், மாதாஜி."

"சொன்னால் எல்லாரும் திரும்ப வேண்டுமே?"

"ஒருவர் உங்களோடு இறங்குவார். மற்றவர்கள் போவார்கள்."

பாட்டி மாத்திரையை முந்தானையில் முடிந்துகொண்டார். வேன் கிளம்பியது.