நமக்கு இன்னும் எத்தனை ஆண்டுகள்?

முன்னுரை

ஒருவரைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கும்போதே அவர் வாசலில் வந்து நின்றால், "உங்களுக்கு ஆயுசு நூறு!" என்கிறோம். குழந்தை தும்மினாலும் "நூறு" என்று வாழ்த்துகிறோம். அது அன்பினால் சொல்வது. கணக்குப் பார்த்துச் சொல்வதன்று. அப்படியானால், ஒருவருக்கு இன்னும் எத்தனை ஆண்டுகள் இருக்கும் என்பதைக் கணக்கிடவே முடியாதா? தனி ஒருவருக்கு முடியாது. ஆனால் ஆயிரம் பேரைச் சேர்த்துப் பார்த்தால் ஓரளவு மதிப்பிடலாம். அந்த முறையை இக்கட்டுரையில் காண்போம்.

ஹாலி வகுத்த வழி

வால்மீனால் நமக்கு அறிமுகமான எட்மண்ட் ஹாலிதான் 1693-ஆம் ஆண்டில் புகழ்பெற்ற ஓர் ஆயுள் அட்டவணையை வெளியிட்டார். இன்று போலந்து நாட்டில் உள்ள பிரெஸ்லாவ் நகரில் 1687 முதல் 1691 வரை நிகழ்ந்த பிறப்பு, இறப்புகளை அவ்வூர்ப் போதகர் காஸ்பர் நாய்மான் தொகுத்திருந்தார். அந்தக் கணக்கே ஹாலிக்கு உதவியது.

முதல் வயதில் 1000 பேர் என்று அட்டவணை தொடங்குகிறது. நம் வயதாகிய 15-இல் எஞ்சியிருப்பவர் 628 பேர். இதில் பாதி 314. அட்டவணையில் கீழே இறங்கிச் சென்றால், ஏறக்குறைய 53 வயதில் அந்த எண்ணிக்கை வருகிறது. ஆகவே அன்றைய பிரெஸ்லாவில் 15 வயதுப் பெண்ணொருத்தி இன்னும் சுமார் 38 ஆண்டுகள் வாழலாம் என்று மதிப்பிடலாம். பாதிப் பேர் அதற்கு முன்பும், பாதிப் பேர் அதற்குப் பின்பும் மறைவார்கள் என்பதே இதன் பொருள். ஆயுள் காப்பீட்டுக் கணக்கும் இவ்வகை அட்டவணைகளின் மேல்தான் நிற்கிறது.

சராசரி செய்யும் மயக்கம்

விடுதலை பெற்ற காலத்தில் இந்தியரின் சராசரி ஆயுள் சுமார் 32 ஆண்டுகள். அப்படியென்றால் அன்று எல்லோரும் 32 வயதிலேயே இறந்தார்களா? இல்லை. ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம். பத்துக் குழந்தைகளில் 4 பேர் ஒரு வயதில் இறந்துவிடுகின்றனர். மீதி 6 பேர் 66 வயது வரை வாழ்கின்றனர் என்று கொள்வோம். மொத்தம் 4 + 396 = 400. சராசரி 40. ஆனால் 40 வயதில் இறந்தவர் ஒருவருமில்லை!

ஆகவே பிறக்கும்போது சொல்லப்படும் சராசரியிலிருந்து நம் வயதைக் கழித்தால் மீதி ஆயுள் கிடைத்துவிடாது. இந்தியாவில் 2016-20 ஆண்டுகளின் கணக்குப்படி பிறக்கும்போது எதிர்பார்க்கும் ஆயுள் 70. ஆனால் 60 வயதைக் கடந்தவருக்கு மீதி 10 அன்று, சுமார் 18 ஆண்டுகள். எழுபதைத் தொட்டவருக்கும் இன்னும் பத்து ஆண்டுகளுக்கு மேல் எதிர்பார்க்கலாம். "இந்த வயசுல இனி எதுக்கு?" என்று பாட்டியின் கண்புரை அறுவையைத் தள்ளிப்போடும் வீடுகள் இந்தக் கணக்கை அறிய வேண்டும். அந்தப் பத்து, பதினைந்து ஆண்டுகளைப் பாட்டி பார்வையோடு கழிப்பதா, இருட்டில் கழிப்பதா என்பதல்லவா கேள்வி?

பெண்களின் கணக்கு

தோழியரே, இனி நம்மைப் பற்றிய கணக்கைப் பாருங்கள். 1970-75 ஆண்டுகளில் இந்திய ஆணின் எதிர்பார்ப்பு ஆயுள் 50.5, பெண்ணின் ஆயுள் 49. மற்ற பல நாடுகளில் பெண்களே கூடுதலாக வாழ்ந்தபோது, இங்கே பெண் பின்தங்கியிருந்தாள். இளவயதுத் திருமணம், மருத்துவ உதவி இல்லாத பிரசவம், வீட்டில் எல்லோரும் உண்டபின் மிஞ்சியதை உண்ணும் வழக்கம் ஆகியவை அவள் ஆயுளைக் குறைத்தன. 2016-20-இல் ஆணுக்கு 68.6, பெண்ணுக்கு 71.4 என்று கணக்கு மாறிவிட்டது. தமிழ்நாட்டில் 1971-இல் பிறந்த 1000 குழந்தைகளில் 113 பேர் முதல் பிறந்தநாளைக் காணவில்லை. 2020-இல் அது 13 ஆகக் குறைந்தது. தடுப்பூசியும், குடிநீரும், மருத்துவமனைப் பிரசவமும், சத்துணவும், தாயின் படிப்பும் சேர்ந்து செய்த வேலை இது. கைரேகை மாறவில்லை, ஆயுள்தான் நீண்டது!

கணக்குக்கு அடங்காதவை

எனினும் அட்டவணை எந்த ஒரு மனிதருக்கும் நாள் குறித்துக் கொடுப்பதில்லை. நம் பக்கத்து எட்டயபுரத்தில் பிறந்த பாரதியார் 38 வயதில் மறைந்தார். கணித மேதை இராமானுஜன் வாழ்ந்தது 32 ஆண்டுகளே. ஏட்டுச் சுவடிகளைத் தேடி அலைந்த உ. வே. சாமிநாதையரோ 87 வயது வரை வாழ்ந்தார். நாள்களை எண்ணும் அறிவைத் தரும்படி வேண்டும் 90-ஆம் திருப்பாடலும் இறக்கும் தேதியைக் கேட்கவில்லை, ஞானத்தையே கேட்கிறது.

முடிவுரை

1682-இல் தாம் கண்ட வால்மீன் 1758-இல் மீண்டும் வரும் என்று ஹாலி கணித்தார். அதைக் காணத் தமக்கு ஆயுள் இராது என்பதும் அவருக்குத் தெரியும். 1742-இல், 85 வயதில் அவர் மறைந்தார். 1758 கிறிஸ்துமஸ் இரவில் ஜெர்மானிய விவசாயி ஒருவர் அந்த வால்மீனைக் கண்டார். தாம் காணாத ஆண்டுக்கும் பயன்படும்படி ஹாலி கணக்கை எழுதி வைத்துப் போனார்.

அதே வால்மீன் அடுத்து 2061-இல் வரும். அப்போது நாம் ஐம்பது வயதை ஒட்டி இருப்போம். இடையில் முப்பதுக்கு மேற்பட்ட ஆடித் தபசுகள் நம் ஊரில் வந்து போயிருக்கும். இன்றைய அட்டவணைப்படி நம்மில் பெரும்பாலோர் அந்த வால்மீனைக் காண்போம். நமக்குக் கிடைத்துள்ள இந்த ஆண்டுகள் நம் பாட்டிமார் காலத்துப் பெண்கள் பலருக்குக் கிடைக்காதவை. அவற்றைப் படிப்பிலும் உடல்நலம் பேணுவதிலும் செலவிடுவோம். வீட்டுப் பெரியவர்களிடம், "இன்னும் காலம் இருக்கிறது, வாருங்கள் மருத்துவரிடம் போவோம்" என்று கணக்கோடு எடுத்துச் சொல்வோமாக!