கையடக்க விளையாட்டுக் கணினியும் வேற்று இயங்குதளமும்

ஒரு கருவியை விலைகொடுத்துக் கொண்டவன், அதனைக்கொண்டு தான் விரும்பிய தொழிலெல்லாம் செய்தற்கு உரியனோ, அன்றி அதனை ஆக்கியோர் வகுத்த தொழிலை மட்டுமே செய்தற்கு உரியனோ என்னும் வினா இக்காலத்து அடிக்கடி எழுகின்றது. மண்வெட்டிக்கும் அரிவாளுக்கும் இவ்வினா எழுந்ததில்லை. கணினிக்கு எழுந்தமைக்குக் காரணம், அஃது உடலும் உயிரும் போல இருபகுதியாய் நிற்றலேயாம். கையால் தொடப்படும் வன்பொருள் உடல். அதனை இயக்கும் இயங்குதளம் உயிர். கூடுவிட்டுக் கூடு பாய்தல் சித்தர் கதைகளில் நாம் கேட்பது. கணினியுலகிலோ அது நாடோறும் நிகழ்வது. ஓருடலினின்று ஓருயிரை நீக்கி வேறோருயிரைப் புகுத்தலும், ஓருடலிலேயே ஈருயிரை மாறிமாறி இயங்கவிடலும் ஆங்கு இயல்வனவாம்.

ஈண்டு நாம் ஆராயப் புகுவது, கையடக்க விளையாட்டுக் கணினி ஒன்றினை ஆக்குவோர், தாம் அதனோடு அளிக்கும் இயங்குதளத்திற்கேயன்றி, கைப்பேசிகளுக்கென அமைந்த ஆண்ட்ராய்டு போன்ற வேற்றுத் தளத்திற்கும் ஆதரவளித்தல் வேண்டுமோ என்பதாம். பொதுப்படப் பேசின் தெளிவு பிறவாதாகலின், பண்டோரா என்னும் கருவியை எடுத்துக்காட்டாகக் கொள்வாம்.

பண்டோரா பெருநிறுவனத்தின் படைப்பன்று. 2005-ஆம் ஆண்டில் கொரிய நாட்டினின்று வெளிவந்த ஜி.பி.2.எக்ஸ். என்னும் லினக்ஸ் விளையாட்டுக் கருவியை விரும்பிப் பயன்படுத்திய ஆர்வலர் சிலர், தம் கருத்துக்கு முற்றும் இசைந்த கருவியைத் தாமே ஆக்கத் துணிந்தனர். 2008 செப்டம்பரில் முன்பணம் பெறத் தொடங்கினர். ஆயினும் கருவிகள் வாங்குவோரைச் சென்றடையத் தொடங்கியது 2010 மே மாதத்திலேயாம். டெக்ஸாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் கம்பெனியாரின் ஓமாப் 3530 என்னும் சில்லு, 256 மெகாபைட் நினைவகம், மூலைவிட்டத்தில் 4.3 அங்குல அளவும் 800×480 புள்ளிகளும் உடைய தொடுதிரை, முழு எழுத்துப் பலகை, விளையாட்டுக்குரிய பொத்தான்கள், விரலால் உருட்டும் குமிழ் இரண்டு, எஸ்.டி. அட்டை செருகும் புழை இரண்டு ஆகியன அதன் உறுப்புக்கள். அதனோடு வந்த இயங்குதளம் ஆங்ஸ்ட்ராம் என்னும் லினக்ஸ் வகையினின்று அமைக்கப்பட்டது. மேசைக் கணினியில் செய்வன பலவற்றையும் உள்ளங்கைப் பொருளிற் செய்தற்கு அது வழிவகுத்தது.

இத்தகைய கருவிக்கு ஆண்ட்ராய்டு வேண்டும் என்னும் விருப்பம் ஏன் எழுந்தது? பண்டோராவின் சில்லு அக்காலத்துக் கைப்பேசிகளின் சில்லுகளோடு ஒரு குடிப்பிறந்தது. 2009-இல் வெளிவந்த நோக்கியா என்900 மேமோ என்னும் லினக்ஸ் தளத்திலும், அதே ஆண்டில் வெளிவந்த மோட்டரோலா டிராய்டு ஆண்ட்ராய்டிலும் இயங்கின. இரண்டிலும் அமைந்தது ஓமாப் 3430 என்னும் சில்லு. தமையனுக்கு இயல்வது தம்பிக்கு ஏன் இயலாது என்று பயனாளர் வினவியது இயற்கையே.

ஆதரவு வேண்டும் என்பார் கூற்றை முதற்கண் நோக்குவாம். அவர் கூறும் காரணங்கள் மூன்று. ஆண்ட்ராய்டுக்குச் செயலி எழுதுவோர் தொகை மிகப் பெரிது. சிறு கூட்டத்தார் தம் கருவிக்கெனத் தனித்தெழுதும் செயலிகள் அதற்கு ஈடாகா. இது முதலாவது. லினக்ஸ் மேசைத்தளத்தை அறியாதவரும் கைப்பேசியைக் கையாள அறிவராதலின், புதியோர்க்கு ஆண்ட்ராய்டு எளிது. இஃது இரண்டாவது. ஒரு தளம் கைவிடப்படினும் மற்றொன்று கருவியை வாழ்விக்கும். இது மூன்றாவது. சுவிசேஷ உவமையில் ஒருவன் தன் தாலந்தை நிலத்திற் புதைத்துவைத்தான். சில்லிற்கு இயல்வதொன்றை இயங்காது அடக்கிவைத்தலும் அதனையொக்கும் என்பது இவர்தம் கருத்து.

இனி, வேண்டா என்பார் கூற்று. ஆண்ட்ராய்டு விரல்தொடுகைக்கென வகுக்கப்பட்டது. பண்டோராவின் திரையோ அழுத்தத்தை உணரும் வகையினது. எழுதுகோல் கொண்டு குறிதவறாது தொடுதற்கு ஏற்றது. விளையாட்டுக் குமிழ்களையும் பொத்தான்களையும் முறையாக அறியும் திறன் ஆண்ட்ராய்டுக்கு 2011-இல் வந்த 3.1 பதிப்பிலேயே வாய்த்தது. ஆகவே, அந்நாளில் அதனைப் பண்டோராவிற் புகுத்துதல், பிறனுக்கு அளவெடுத்துத் தைத்த சட்டையைத் தான் அணிதல் போலாம்.

இதனினும் பெரிய இடையூறு ஒன்றுண்டு. திரையில் ஓவியம் வரையும் பவர்விஆர் எஸ்.ஜி.எக்ஸ். 530 என்னும் பகுதிக்குரிய டிரைவர் மென்பொருளின் மூலநிரல் வெளியிடப்படவில்லை. முடிந்த வடிவிலேயே அது வழங்கப்பட்டது. மேசைக் கணினி லினக்ஸின் அடிப்படை நூலகம் ஒன்று. ஆண்ட்ராய்டின் அடிப்படை நூலகமாகிய பயோனிக் மற்றொன்று. ஆகலின், ஒன்றற்கென ஆக்கிய டிரைவர் மற்றொன்றிற்கு அப்படியே பயன்படாது. மூலநிரல் கையில் இல்லாதவன் அதனைத் திருத்தவும் இயலாது.

மூன்றாவது தடை சட்டத்தைப் பற்றியது. ஆண்ட்ராய்டின் அடித்தளம் யாவர்க்கும் திறந்ததேயெனினும், கூகுள் கம்பெனியாரின் செயலிக்கடை அவ்வாறன்று. அதனைக் கருவியோடு சேர்த்து விற்பதற்குப் பொருத்தச் சோதனைகளில் தேறுதலும் உரிமம் பெறுதலும் வேண்டும். மக்கள் ஆண்ட்ராய்டை விரும்புவது அக்கடையின் பொருட்டேயாக, கடையில்லா ஆண்ட்ராய்டை அளித்தல் திருவிழாவிற்கு அழைத்துத் தேரைக் காட்டாது விடுதலை நிகர்க்கும்.

நான்காவது உழைப்பைப் பற்றியது. முன்பணம் கொடுத்தோர் ஈராண்டுக்கு அண்மையாகக் காத்திருந்த கருவி அது. ஒப்புக்கொண்ட ஒரு தளத்தையே செப்பம் செய்ய ஆளின்றி இடர்ப்படும் சிறு கூட்டத்தார் மற்றொன்றையும் தலைமேற் கொள்வரேல், இரண்டும் குறையாய் முடியும் என்பர்.

இருதிறத்தார் கூற்றும் ஒருபுடை உண்மையே. பின்னர் வழக்கு முடியாமை ஏன் எனின், இருவரும் ஆதரவு என்னும் ஒரு சொல்லை வெவ்வேறு பொருளில் வழங்குதலால் என்க. அச்சொற்குப் பொருள் மூன்றாகப் பகுக்கலாம். வேற்றுத் தளத்தை நிறுவுவாரைத் தடைசெய்யாமை இசைவு. நிறுவுதற்கு வேண்டும் குறிப்புக்களையும் டிரைவர்களையும் வெளியிடுதல் துணை. அத்தளம் பழுதின்றி இயங்கும் என உறுதிகூறி, பழுதுற்றபோது தீர்த்தளித்தல் பொறுப்பு. இம்மூன்றனையும் தனித்தனி நோக்கின் மயக்கம் நீங்கும்.

இசைவு மறுக்கப்பட்டபோது விளைவது யாது? 2017-இல் வெளிவந்த நிண்டெண்டோ ஸ்விட்ச் என்னும் கருவியில் வேற்றுத் தளத்திற்கு ஆக்கியோர் இடந்தரவில்லை. ஆயினும் அதன் டெக்ரா எக்ஸ்1 சில்லின் தொடக்க நிரலில் ஒரு குறை இருந்தமை 2018-இல் வெளிப்பட்டது. அவ்வழியே புகுந்து 2019-இல் ஆர்வலர் ஆண்ட்ராய்டை அதில் இயக்கினர். பூட்டு ஆர்வலரைத் தடுத்து நிறுத்தவில்லை; நேர்வழியில் வரவேண்டியவரைச் சுவரேற வைத்தது. சுவரேற அறியாத எளிய பயனாளர்க்கோ அப்பயன் கிட்டவில்லை.

கொடுத்த இசைவை மீட்டுக்கொள்ளல் இதனினும் கொடிது. சோனி கம்பெனியாரின் பிளேஸ்டேஷன் 3 கையடக்கக் கருவியன்றேனும் இவ்விடத்துக் கருதத்தக்கது. 2006-இல் அது வெளிவந்தபோது லினக்ஸ் போன்ற வேற்றுத் தளத்தை நிறுவும் வசதியை உடன்கொண்டிருந்தது. 2010 ஏப்ரல் முதல் நாளில் வந்த 3.21 என்னும் புதுப்பிப்பு, பாதுகாப்பைக் காரணங்காட்டி அவ்வசதியை நீக்கிற்று. புதுப்பிப்பை ஏலாதார் இணைய வலையமைப்பின் வழி விளையாடும் வாய்ப்பை இழந்தனர். ஏற்றார் லினக்ஸை இழந்தனர். அமெரிக்காவில் பயனாளர் தொடுத்த வழக்கு பல்லாண்டு நடந்து சமரசத்தில் முடிந்தது. விற்றபின் பொருளின் பண்பைக் குறைத்தல் முறையோ என்னும் வினாவை அந்நிகழ்ச்சி உலகினர்க்கு எழுப்பியது.

பூட்டைத் திறந்துவிடின் கள்ளப் பிரதிகள் பெருகும், விளையாட்டு எழுதுவோர் வருவாய் இழப்பர் என்று அஞ்சுவாரும் உளர். கிரேக்கக் கதையில் பண்டோரா பேழையைத் திறந்தபோது தீமைகள் பறந்தோடின என்பதை நினைவூட்டுவாரும் இருத்தல் கூடும். அவ்வச்சம் வெறுமையன்று. ஆனால், திறந்த கருவியின்மேல் நேர்மையான வாணிகம் நிலையாது என்பதும் உண்மையன்று. 2022 பிப்ரவரியில் வால்வ் கம்பெனியார் வெளியிட்ட ஸ்டீம் டெக் என்னும் கையடக்கக் கணினியே அதற்குச் சான்று. ஆர்ச் லினக்ஸை அடியாகக் கொண்ட ஸ்டீம் ஓ.எஸ். அதன் இயல்பான தளம். எனினும் வாங்கியவர் வேறெதனையும் நிறுவிக்கொள்ள இடமுண்டு. அவ்வாறு திறந்திருந்தும், அக்கம்பெனியாரின் விளையாட்டுக்கடை அதன்கண் நடைபெறுகின்றது.

துணைக்கும் பொறுப்புக்கும் உள்ள வேற்றுமையை அக்கருவியே தெளிவுறக் காட்டுகின்றது. 2022 மார்ச்சில் வால்வ் கம்பெனியார் விண்டோஸ் தளத்திற்கு வேண்டும் டிரைவர்களை வெளியிட்டனர். அதே வேளையில், அத்தளத்தில் எழும் பழுதுகளைத் தீர்க்கும் கடமையைத் தாம் ஏற்கவில்லை எனவும் அறிவித்தனர். இது துணை உண்டு, பொறுப்பு இல்லை என்னும் நிலை. ஆண்ட்ராய்டை விரும்புவோர் வேட்ராய்டு என்னும் மென்பொருளைக் கையாளுகின்றனர். அது லினக்ஸின் உள்ளேயே ஒரு தனியறை அமைத்து, ஒரே கெர்னலின்மேல் ஆண்ட்ராய்டையும் குடியிருத்துவது. ஏ.ஆர்.எம். சில்லுகளுக்கென எழுதிய செயலிகளை அக்கருவியின் சில்லிற்கு மொழிபெயர்க்கும் தொல்லை உண்டேனும், கருவியை ஆக்கியோர்மேல் சுமையேற்றாது பயனாளர் தம் விருப்பம் நிறைவேறப் பெறுகின்றனர்.

பொறுப்பை ஏற்றல் எளிதன்று. கோபுரம் கட்டப் புகுவோன் செல்லுஞ் செலவை முன்னரே கணக்கிடல் வேண்டும் என்பது சுவிசேஷம் கற்பிக்கும் விவேகம். கைப்பேசித் தளமொன்றிற்குப் பொறுப்பேற்போன், சில்லை ஆக்கியோர் நாளை என் செய்வர் என்பதையும் கருதல் வேண்டும். டெக்ஸாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் கம்பெனியார் 2012-இல் கைப்பேசிச் சந்தையினின்று விலகினர். ஓமாப் சில்லுடன் 2011-இல் வெளிவந்த காலக்ஸி நெக்சஸ், கூகுள் கம்பெனியாரின் பெயர்தாங்கிய கைப்பேசியாயிருந்தும், 2013-இல் வந்த ஆண்ட்ராய்டு 4.4 பதிப்பை அவர்பாற் பெறவில்லை. ஆர்வலரே அதனை அக்கருவியிற் கொண்டுவந்தனர். பெருஞ்செல்வர்க்கே இந்நிலையெனின், சிறு கூட்டத்தார் உறுதிமொழி கூறுதல் எங்ஙனம்? ஆதலின், வேற்றுத் தளம் கருவியின் வாழ்நாளை நீட்டும் என்னும் கூற்று ஆக்கியோரின் உறுதிமொழியால் மெய்ப்படுவதன்று. திறந்த கதவாலும் வெளியிட்ட குறிப்பாலுமே மெய்ப்படுவது.

இன்னும் ஒன்று நோக்கத்தக்கது. ஆண்ட்ராய்டும் லினக்ஸ் கெர்னலின் மேலேயே நிற்கின்றது. பண்டோராவின் ஆங்ஸ்ட்ராமும், அதன் வழித்தோன்றலாகிய பைரா கருவியின் டெபியனும் அதன் மேலனவே. ஆதலின், ஒரு கருவியின் உறுப்புக்களை அறியும் நிரலைப் பொதுக் கெர்னலிற் சேர்க்க உழைக்கும் உழைப்பு, ஒரு தளத்திற்கன்றி எல்லாத் தளத்திற்கும் பயன்படும். கிளைதோறும் நீர் தெளித்தலை விடுத்து வேருக்கு வார்த்தல் போல்வது அது. சிறு கூட்டத்தார் தம் குறைந்த ஆற்றலைச் செலவிடத்தக்க இடம் அதுவே.

தமிழ் கற்போராகிய நமக்கு இம்முடிபு புதிதன்று. திருக்குறளுக்குப் பண்டையோர் பதின்மர் உரைகண்டனர் என்பது மரபு. நூலாசிரியர் அப்பதின்மருக்கும் பொறுப்பேற்றிலர். அவரைத் தடுத்தாரும் இலர். மூலம் யாவர்க்கும் கிடைத்தமையால் உரைகள் எழுந்தன. உரைகள் எழுந்தமையால் நூல் காலந்தோறும் புதிது புதிதாகப் பயிலப்பட்டது. மூலத்தைப் பூட்டிவைத்திருப்பின் பரிமேலழகர் உரை நமக்கு ஏது?

ஆகவே, கையடக்க விளையாட்டுக் கணினியை ஆக்குவோர் வேற்றுத் தளத்திற்கு இசைவு தருதல் கடமை. ஏனெனில் பொருள் வாங்கியவனுடையது. துணை தருதல் தம் ஆற்றலளவும் செய்யத்தக்க அறம். அது பொதுக் கெர்னலின் வழிச் செய்யப்படுமாயின் நெடுநாள் நிற்கும். பொறுப்பேற்றலோ கடமையன்று, செலவைக் கணக்கிட்டு, நிறைவேற்ற இயலுமென உறுதியாகக் கண்டவர் மட்டுமே மேற்கொள்ளத்தக்கது. இயலாததை உறுதிகூறி முன்பணம் பெறுதலினும், இயன்றதை மட்டும் கூறிக் கதவைத் திறந்துவைத்தலே நேர்மை என்பது எமது துணிபு.