தறிக்கு முன் தார்

புதிதாக நெசவு பயில வருவோர் பெரும்பாலும் முதல் நாளே தறிக்குழியில் இறங்கி நாடா ஓட்டவே விரும்புகின்றனர். விருப்பம் இயல்பானதே. ஆயினும் நாடா ஓட்டுவது நெசவில் பாதிதான்; மறுபாதி நூலை அறிதல். நூலை அறியாதவர் கையில் சங்கத்தின் நூல் சேதமாகும். அவருடைய கூலியும் குறையும். ஆகவே பயிற்சியின் வரிசையை ஈண்டுக் கூறுவோம்.

முதற்பாடம் கணக்கு. ஒரு கழி 840 கெஜம். ஒரு பவுண்டு எடைக்கு எத்தனை கழி நிற்கின்றனவோ அதுவே பருத்தி நூலின் நம்பர். 42 அங்குல அகலத்தில், அங்குலத்திற்கு 60 இழை வீதம், 10 கெஜப் பாவு ஒன்றை எடுத்துக்கொள்வோம். இழைகள் 2,520, மொத்த நீளம் 25,200 கெஜம், அதாவது 30 கழி. 40ஆம் நம்பர் நூலாயின் எடை முக்கால் பவுண்டு, ஏறக்குறைய 340 கிராம். ஊடையும் அங்குலத்திற்கு 60 ஆனால் அதற்கும் அவ்வளவே. சுருக்கத்திற்கும் சேதாரத்திற்கும் சிறிது கூட்டிக்கொள்ள வேண்டும். வாங்கிய நூலையும் கொடுத்த துணியையும் நிறுக்கும்போது இக்கணக்கே நெசவாளருக்குச் சாட்சி.

இரண்டாவது, தார் சுற்றுதல். தளர்ந்த தாரிலிருந்து நூல் வளையம் வளையமாகச் சரிந்து துணியில் சுருளாக விழும். நாடாவில் ஊடை மிக இறுகினால் துணி உள்வாங்கி ஓர இழைகள் அறும்.

மூன்றாவது, அறுந்த இழையைச் சேர்த்தல். முடிச்சு சிறிதாக இருத்தல் வேண்டும். இழையை அதற்குரிய விழுதிலும் அச்சின் அதே பல்லிலும் கோக்க வேண்டும். பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால், துணி நெடுகிலும் கோடு விழும்.

இவை கைவந்தபின் தறியில் அமரலாம். முதற்பாவு குறுகிய நீளத்தில், 20ஆம் நம்பர் போன்ற தடித்த நூலாக இருப்பது நன்று. அது எளிதில் அறாது. மிதித்தல், நாடா விடுதல், அச்சால் அடித்தல் என்னும் மூன்றும் ஒரே தாளத்தில் நிகழ வேண்டும். அடி ஒருமுறை வலுத்தும் ஒருமுறை தளர்ந்தும் விழுந்தால் துணியில் பட்டை பட்டையாகத் தெரியும்.

வேகம் பழக்கத்தால் தானே வரும். ஆகையால் முதல் மாதத்தில் பயில்வோரிடம் எத்தனை கெஜம் நெய்தீர் என்று கேளாமல், எத்தனை இழை அறுந்தது, ஏன் அறுந்தது என்று கேட்போமாக. அதற்கு விடை கூறத் தெரிந்தவரிடம் சங்கம் நம்பிக்கையுடன் நூலை ஒப்படைக்கலாம்.