பாட்டு டீச்சர் மாறும்போது

தேக்காவில் வீட்டு வகுப்புக்குப் போன பிள்ளையை ஸ்டார்லைட் ரோட்டில் உள்ள சிஃபாஸ் கலைப்பள்ளியின் வார இறுதி வகுப்பில் சேர்க்கிறீர்களா?

1. பழைய டீச்சரிடம் நீங்களே நேரில் சொல்லுங்கள். சந்தையில் பிறர் சொல்லிக் கேட்டால் மனம் நோகும். தாம்பூலத்தோடு போவது இன்னும் அழகு.

2. பிள்ளை பாடும் கட்டையைப் புது டீச்சரிடம் சொல்லுங்கள். ஐந்தரைக்குப் பழகிய குரல், எல்லோரும் சேர்ந்து ஐந்தில் பாடும் வகுப்பில் மந்தர ஸ்தாயியில் திணறும்.

3. கடைசியாகப் பாடம் செய்த வர்ணத்தைக் கைப்பேசியில் பதிவு செய்யுங்கள். பாடாந்தரம் வேறுபட்டால் எங்கே என்று புது டீச்சருக்கு உடனே புரியும்.

4. புது டீச்சர் சரளி வரிசையிலிருந்து தொடங்கினால் முகம் சுளிக்காதீர்கள். சுருதியும் தாளமும் அதில்தான் சட்டென்று தெரியும்.

5. ஒரே கீர்த்தனையை இருவரிடமும் கற்க விடாதீர்கள், சங்கதி குழம்பும்.