எரிமலையடியில் ஓர் உழவூர்

வல்வெட்டித்துறை கடலோடிகளின் ஊர். 1938இல் அமெரிக்காவின் குளொசெஸ்ரர் துறையை அடைந்த 'அன்னபூரணி' பாய்க்கப்பல் இங்கே கட்டப்பட்டது என்பதை நம் கல்லூரிச் சிறுவரும் அறிவர். அத்தகைய ஊரினராகிய யாம் மலைநாட்டு உழவூர் ஒன்றைப் பற்றி எழுதப் புகுந்தது வியப்பாகத் தோன்றலாம். வகுப்பில் மாணவன் ஒருவன் வினவிய வினாவே இதற்குக் காரணம். அதனைப் பின்னர்க் கூறுவாம்.

வங்கக் கடலுக்கு அப்பால், சுமாத்திராத் தீவின் வடபகுதியில், மேடான் நகருக்குத் தெற்கே கரோ மேட்டுநிலம் உள்ளது. அங்கே கடல் மட்டத்துக்கு ஏறத்தாழ 1,300 மீற்றர் உயரத்தில் அமைந்த ஊர் பெரஸ்தாகி. அப்பெயர்க்கு 'அரிசிக் களஞ்சியம்' எனப் பொருள் கூறுவர். வடக்கே சிபாயாக், மேற்கே 2,460 மீற்றர் உயரமுடைய சினபுங் என எரிமலைகள் இரண்டு அதன் அருகே நிற்கின்றன. குளிர்ந்த காற்றை நாடிய ஒல்லாந்தர், 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் அங்கே ஓய்விடங்களும் விடுதிப் பள்ளியும் அமைத்தனர். கோவா, கரட், உருளைக்கிழங்கு, தோடை, கொடித்தோடை, மலர்வகை ஆகியவற்றால் அவ்வூர்ச் சந்தை இன்றும் பெயர் பெற்றது.

இவ்வளத்தின் காரணம் யாது? எரிமலைச் சாம்பலே. சாம்பல் புதிதாய் விழும்போது பயிரைக் கருக்கும், கூரையை முறிக்கும். காலஞ் செல்ல மழையிலும் வெயிலிலும் அது சிதைந்து, பயிர்க்கு வேண்டிய உப்புக்களை வெளிவிட்டு, நீரைப் பொதிந்து வைக்கும் கருமண்ணாக மாறும். சுண்ணக்கற்பாறைமேல் படிந்த மண்ணுக்குத் தழையும் ஆட்டெருவும் பனையோலையும் இட்டுக் கிணற்று நீர் இறைத்து வளஞ்செய்தவர் நம் கமக்காரர். அவர்க்கோ மலையே எருவிட்டது. ஆயினும் அம்மலை அதற்குரிய விலையையும் கேட்கும்.

கரோ மக்கள் ஐந்து பெருங்குடியினர். அவற்றுள் ஒன்றாகிய செம்பிரிங் குடியின் கிளைகளுக்குச் சோலியா, பாண்டியா, பெலாவி, பிரமானா என்னும் பெயர்கள் வழங்குகின்றன. சோழர், பாண்டியர், பல்லவர் என நம் செவியில் அவை ஒலிப்பது இயல்பே. அத்தீவின் மேற்கரையிலுள்ள பாரூசில், 1088ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டொன்று 1873இல் கண்டெடுக்கப்பட்டது. ஐந்நூற்றுவர் என்னும் வணிகக் குழுவினர் பொறித்த அது, மரக்கலத் தலைவர் செலுத்தவேண்டிய பொன்னைப் பற்றிக் கூறுகின்றது. ஆகவே தமிழர் தொடர்பு கற்பனையன்று. எனினும் பெயர் ஒன்றைக்கொண்டு ஒரு மக்கள் கூட்டத்தையே 'நம்மவர்' என உரிமை கொண்டாடுதல் ஆராய்ச்சியாகாது. அவர்தம் மொழியும் வழக்கமும் அவர்க்கே உரியன.

நெடுங்காலம் உறங்கிக் கிடந்த சினபுங் 2010 ஆகத்து மாதத்தில் விழித்தது. 2013 செப்ரெம்பரில் மீண்டும் குமுறத் தொடங்கிப் பல ஆண்டுகள் ஓயவில்லை. 2014 பெப்ரவரி 1ஆந் திகதி மலைச்சரிவில் பாய்ந்த கனற்புகை பதினைந்துக்கு மேற்பட்டோரைப் பலிகொண்டது. ஆயிரக்கணக்கானோர் முகாம்களில் வாழ்ந்தனர். மலையடிவாரத்துச் சுக்கமெரியா, பெக்கெரா, சிமாசெம் ஆகிய ஊர்களின் மக்கள் சியோசார் என்னும் புதிய இடத்தில் குடியமர்த்தப்பட்டனர். ஏனையோருட் பலர் சாம்பலைக் கிளறி மீண்டும் பயிரிட்டனர்.

இதனைக் கேட்ட மாணவன், "ஐயா, மலை எரியும் என்று அறிந்தும் அவர்கள் ஏன் அங்கேயே இருக்கிறார்கள்?" என்றான்.

யாம் விடையாகத் தேசப்படத்தைக் காட்டினோம். இந்து சமுத்திரத்தின் அடித்தளப் பாறைத்தட்டு சுமாத்திராவின் கீழே மெல்ல அமிழ்கின்றது. அதிலிருந்து பிரியும் நீர், மேலுள்ள வெம்பாறையின் உருகுநிலையைத் தாழ்த்துதலால் தோன்றும் தீக்குழம்பே எரிமலையாய் எழுகின்றது. அத்தட்டுக்கள் ஒன்றையொன்று பற்றி நின்று திடீரென வழுவுங்கால் நிலம் நடுங்கிக் கடல் பொங்கும். 2004 டிசெம்பர் 26இல் நம் வடமராட்சிக் கரையில் உயிர்களை வாரிச் சென்ற பேரலை அங்ஙனம் எழுந்ததே. சினபுங்கை எரியச் செய்வதும் நம் கடலை எழச் செய்ததும் ஒரே பிளவு என்க.

மாணவன் சிறிது நேரம் படத்தையே நோக்கி நின்றான். பின்னர், "அப்படியாயின் நாங்களும் கடற்கரையிலேதானே இருக்கிறோம், ஐயா" என்றான். அவ்வகுப்பில் அன்று அதனினும் சிறந்த விடையை எவரும் கூறவில்லை, யாமும் கூறவில்லை.

நாற்பதைக் கடந்த எம் போன்றோர் போர்க்காலத்தில் ஊர்விட்டு ஊர் பெயர்ந்து, பிறர் திண்ணையில் உறங்கி, மீண்டு வந்து இடிந்த சுவரை எடுத்துக் கட்டியோர். ஆகலின் சியோசாரில் புதுமண்ணைக் கொத்தும் உழவன் எமக்கு அயலானல்லன். அவனோடு எமக்குள்ள உறவு சோலியா, பாண்டியா என்னும் பெயர்களால் வந்ததன்று. இழந்தும் மீண்டும் விதைக்கின்ற குணத்தால் வந்தது. பழைய மாணவர் பலர் இன்று கடல் கடந்து வாழ்கின்றனர். அவருள் மேடான் வழியே செல்வார் உளராயின், ஒருபகல் பெரஸ்தாகிச் சந்தைக்குச் சென்று, அம்மண்ணில் விளைந்த தோடம்பழம் ஒன்றை வாங்கி உண்பாராக.