துவக்கை இரவல் கொடுக்கலாமா?

நமது கிராமங்களில் இரவல் கொடுப்பதும் வாங்குவதும் அன்றாடக் காரியம். மண்வெட்டி, கோடரி, நெற்சாக்கு, நீரிறைக்கும் யந்திரம், கலியாண வீட்டுக்குக் கிடாரம், செத்தவீட்டுக்குக் கதிரை என்று எத்தனையோ பொருட்கள் வேலிக்கு மேலாலும் படலைக்கு ஊடாகவும் போய் வருகின்றன. கேட்டவருக்கு இல்லையென்று சொன்னால் அது மாதக்கணக்கில் பேசப்படும். இந்த வழக்கம் நல்ல வழக்கமே. ஏழை விவசாயி ஒருவன் எல்லாவற்றையும் தானே வாங்கி வைத்திருக்க முடியாத உலகில் பிறர்சிநேகம் பெரும்பாலும் இவ்வுருவிலேதான் நடமாடுகிறது. ஆனால் கேட்கப்படும் பொருள் ஒரு துவக்காயிருந்தால் என்ன செய்வது?

வன்னியிலும் மன்னாரிலும் காட்டோரக் காணி செய்வோர் சிலரிடம் பயிர்க்காவலுக்கென அனுமதிப்பத்திரம் பெற்ற துவக்கு உண்டு. அப்படிப்பட்ட ஒரு வீட்டை எண்ணிப் பாருங்கள். மாலையில் மனைவியின் தம்பி வருகிறார். "அத்தான், பண்டி வந்து கச்சானை முழுக்கக் கிண்டிப்போட்டுது. இரண்டு இரவுக்குத் துவக்கைத் தாங்கோ, பிறகு கொண்டுவந்து தாறன்" என்கிறார். அவர் சொல்வது பொய்யன்று. நகையை அடகு வைத்து விதைத்த நிலம் ஒரே இரவில் உழுதுபோட்டாற்போல் கிடக்கிறது. தேநீர் கொண்டுவந்த அக்கா, கணவர் என்ன சொல்லப் போகிறார் என்று வாசற்படியில் நிற்கிறாள். இந்த அத்தான் என்ன சொல்ல வேண்டும்?

சட்டம் என்ன சொல்கிறது என்பதை முதலில் பார்த்துவிடலாம்; அதில் அதிக சிக்கல் இல்லை. 1916ஆம் ஆண்டின் சுடுகலன்கள் கட்டளைச் சட்டத்தின்படி அனுமதிப்பத்திரம் இல்லாத ஒருவர் துவக்கைத் தம்மிடம் வைத்திருப்பதும் பயன்படுத்துவதும் குற்றம். பத்திரம் துவக்குக்கு மட்டும் எழுதப்படுவதன்று, ஆளுக்கும் எழுதப்படுகிறது. பத்திரத்தில் பெயரில்லாத மைத்துனர் கையில் அது ஓரிரவு இருந்தாலும் இருவரும் வழக்குக்கு ஆளாகலாம். ஆகவே நமது நாட்டைப் பொறுத்தவரை, கொடுக்கலாமா என்ற கேள்விக்குச் சட்டத்தின் விடை கூடாது என்பதே.

ஆயினும் பலர் இதோடு திருப்தி கொள்வதில்லை. "சட்டம் கச்சேரியில் இருக்கட்டும், பண்டி தோட்டத்தில் நிற்கிறதே" என்பார்கள். சட்டத்தை ஒரு காகிதமாக மட்டும் காண்பவனுக்குக் காகிதத்தைக் காட்டிப் பயனில்லை. ஆகவே மனச்சான்றின் பக்கம் திரும்புவோம். ஆயுதத்தைக் கேட்டவனுக்குக் கொடுப்பதா என்ற இந்தக் கேள்வியை, துவக்கு என்ற பொருள் தோன்றுவதற்கு ஏறக்குறைய ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே அறிஞர்கள் ஆராய்ந்திருக்கிறார்கள் என்பது நம்மிற் பலருக்குப் புதுமையாயிருக்கும்.

கிரேக்க ஞானி பிளேட்டோ எழுதிய 'குடியரசு' என்னும் நூலின் முதற் பகுதியிலேயே இது வருகிறது. வாங்கிய கடனைத் திருப்பிக் கொடுப்பதுதான் நீதி என்று ஒரு முதியவர் கருதுகிறார். சோக்கிரதீசு ஒரு கேள்வி போடுகிறார். ஒருவன் புத்தி தெளிவாயிருக்கும்போது தன் ஆயுதங்களை நண்பனிடம் ஒப்படைத்து வைக்கிறான். பின்பு சித்தம் கலங்கிய நிலையில் வந்து அவற்றைத் திரும்பக் கேட்கிறான். கொடுப்பது நீதியா? முதியவர் தயங்காமல், அன்று என்று ஒப்புக்கொள்கிறார். உரோமப் பேரறிஞர் சிசரோ கி.மு. 44இல் தம் மகனுக்காக எழுதிய கடமைகள் பற்றிய நூலிலும் இதே வாளும் இதே சித்தங் கலங்கியவனும் வருகிறார்கள். கொடுப்பது பாவம், மறுப்பது கடமை என்பதே அவர் தீர்ப்பு. பதின்மூன்றாம் நூற்றாண்டில் அர்ச். அக்குவினாஸ் தோமையார் தமது பெரிய இறையியற் தொகுப்பில் இந்த உதாரணத்தை ஓரிடத்தில் மட்டுமன்றிப் பல இடங்களில் எடுத்தாளுகிறார். ஒப்படைத்ததைத் திருப்பிக் கொடுத்தல் பொதுவிதி. எனினும் கொடுப்பதால் கேடு விளையும் வேளையில் அந்த விதியின் எழுத்தைப் பிடித்துக்கொண்டிருப்பது நன்மைக்கே மாறானது என்று விளக்குகிறார்.

இதில் நாம் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. அந்த வாள் கேட்டவனுடைய சொந்த வாள். அதன்மேல் அவனுக்கு முழு உரிமையுண்டு. அப்படியிருந்தும் மறுக்கலாம், மறுக்கத்தான் வேண்டும் என்கிறார்கள். நமது மைத்துனர் கேட்பதோ தம்முடையது அல்லாத துவக்கை. உரியவனுக்கே மறுக்கும் கடமை உண்டாகுமானால், உரிமையில்லாதவருக்கு மறுப்பதை அநீதி என்று எவர் சொல்லக்கூடும்? "என்னை நம்பவில்லையா?" என்று அவர் மனம் வருந்தலாம். அந்த வருத்தம் மெய்யானதே. ஆனாலும் அவருக்குச் சேரவேண்டிய எதையும் நாம் பறித்துவிடவில்லை.

இங்கே பக்தியுள்ள ஒரு தாயார், கேட்பவனுக்குக் கொடுக்கும்படி ஆண்டவர் மலைப்பிரசங்கத்தில் கற்பித்தாரே என்று கேட்கக்கூடும். நியாயமான கேள்வி. அர்ச். அகுஸ்தீன் ஆயராகுமுன், குருவாயிருந்த காலத்தில், மலைப்பிரசங்கத்துக்கு ஓர் உரை எழுதினார். அதில் இந்தச் சொல்லுக்கு அவர் தரும் விளக்கம் மிக நுட்பமானது. கேட்கும் ஒவ்வொருவருக்கும் கொடுக்கச் சொன்னாரேயொழியக் கேட்பது ஒவ்வொன்றையும் கொடுக்கச் சொல்லவில்லை என்கிறார். உனக்கோ பிறருக்கோ கேடு விளைக்காததைக் கொடு. கொடாமல் விடுவது நியாயமானால் அந்த நியாயத்தையாவது அவனுக்கு எடுத்துச் சொல், வெறுங்கையோடு அனுப்பாதே என்பது அவர் கருத்து. வெறுங்கையோடு அனுப்பாதே என்ற பகுதிக்குப் பின்னர் வருவோம்.

ஆபத்து எங்கே இருக்கிறது? பன்றிக்கென்று கொடுத்த துவக்கு பன்றியோடு நிற்பதில்லை. பன்றிக்குப் போடும் எஸ்.ஜி. தோட்டாவில் எட்டு ஒன்பது பெரிய சன்னங்கள் இருக்கும். குறி தவறியவை இருட்டில் எங்கே போகும் என்று சுட்டவனுக்கே தெரியாது. பழக்கமில்லாதவன் சத்தத்துக்குச் சுடுவான். அந்தச் சத்தம் அடுத்த காணியில் காவலிருக்கும் கிழவனுடையதாயும் இருக்கலாம். இரவு முழுவதும் கண்விழிக்க மனமில்லாதவன் துவக்கை மரத்தில் கட்டி, வழியில் கம்பி இழுத்துவிட்டு வீட்டில் போய்ப் படுப்பான். விடியற்காலையில் விறகுக்குப் போகும் பெண்ணுக்கு அந்தக் கம்பி தெரியுமா? கட்டுத்துவக்கில் அகப்பட்டுக் காலிழந்தவர்களை நமது பகுதிகளில் கேட்டறியாதார் இலர். இன்னும், கையில் துவக்கிருந்து முன்னே மானோ மரையோ வந்துவிட்டால், சட்டம் காக்கும் அந்தப் பிராணிகளை விட்டுவிடும் மனவுறுதி எல்லோர்க்கும் உண்டென்று சொல்வதற்கில்லை.

இவையெல்லாம் கேட்பவர் நேர்மையாளராயிருக்கும்போது. வேலிச் சண்டையில் இருப்பவர், சீதனக் காணி வழக்கில் தோற்றவர், சாராயம் குடிப்பவர் ஆகியோர் கேட்டால் அதிகம் யோசிக்கத் தேவையில்லை. அவர்களுக்குத் தாமே கொடுக்கமாட்டோம் என்று நினைக்கிறோம். உண்மையில் அவர்களுக்குத்தான் மறுக்கப் பயப்படுகிறோம்.

எல்லாரிலும் கண்டுபிடிக்கக் கடினமானவர், துவக்கைத் தமக்கெதிராகவே திருப்பக்கூடியவர். கடனில் மூழ்கியவர், மனைவியை இழந்தவர், சில காலமாகப் பேச்சுக் குறைந்தவர். அவரும் பண்டி என்றுதான் சொல்லிக் கேட்பார். "சாக நினைப்பவனை யார் தடுக்க முடியும்? இது இல்லாவிட்டால் வேறொன்று" என்று நம்மவர் சொல்வதுண்டு. இது பெருந்தவறு என்பதற்கு நமது நாடே சாட்சி. 1995ஆம் ஆண்டில் இலங்கையில் இலட்சம் பேருக்கு ஏறத்தாழ 47 பேர் தற்கொலையால் மாண்டார்கள். உலகிலேயே மிக உயர்ந்த விகிதங்களில் ஒன்று அது. பெரும்பாலும் பயிருக்கு அடிக்கும் கிருமிநாசினிதான் காரணம். 1995இல் மிகக் கொடிய நச்சு வகைகளும் 1998இல் எண்டோசல்பானும் தடுக்கப்பட்டன. 2005ஆம் ஆண்டளவில் அந்த விகிதம் ஏறக்குறைய அரைவாசியாகக் குறைந்துவிட்டது. போர் அப்போது முற்றாக ஓய்ந்திருக்கவில்லை, வறுமை போகவில்லை, குடி குறையவில்லை. மனிதருடைய துயரம் மாறாமலிருக்கவும், அந்தக் கொடிய வேளையில் கைக்கெட்டிய பொருள் மாறியது, ஆயிரக்கணக்கானோர் பிழைத்தார்கள். அந்த வேளை பெரும்பாலும் குறுகியது. அதைக் கடந்தவர்களிற் பலர் பின்பு வாழ்ந்திருக்கிறார்கள். நஞ்சுக்கு ஆசுபத்திரியில் மருந்துண்டு. துவக்கோ பெரும்பாலும் ஆசுபத்திரி வரைக்கும் போக விடுவதில்லை.

அப்படி ஏதாவது நடந்தால், "நான் நல்ல எண்ணத்தோடுதானே கொடுத்தேன்" என்பது முற்றும் போதுமான பதிலாகுமா? யாத்திராகமம் இருபத்தோராம் அதிகாரத்தில் முட்டும் மாட்டைப் பற்றிய சட்டம் ஒன்றுண்டு. மாடு திடீரென ஒருவனை முட்டிக் கொன்றால் உடையவன் குற்றமற்றவன். ஆனால் மாடு முட்டும் என்று முன்னமே அறிவிக்கப்பட்டும் அதைக் கட்டிவைக்காமல் விட்டானானால் இரத்தப்பழி அவன்மேல் வரும். அறிந்திருந்தானா என்பதே அங்கே கேள்வி. மைத்துனர் போன மாதம் குடிவெறியில் யாரை வெட்டுவேன் என்று கத்தினார் என்பது அத்தானுக்குத் தெரியும். அக்காவுக்கு இன்னும் நன்றாகத் தெரியும். கணவர் இந்த விஷயத்தில் மனைவியைக் கேட்காமல் முடிவு செய்வது புத்தியன்று. தன் தம்பியின் முகம் வாடியிருப்பதைத் தமக்கை கண்டுபிடிப்பதுபோல் வேறெவர் கண்டுபிடிப்பார்?

இனி, எப்படி மறுப்பது? "துவக்குப் பழுதாய்க் கிடக்கிறது" என்று சொல்வது வழக்கம். அது பொய். அதோடு, நாளைக்கு அந்தத் துவக்கு வெடிக்கும் சத்தம் கேட்டால் இரண்டு குடும்பமும் பேசாமல் போகும். "தம்பி, பத்திரம் என் பேரில். உன் கையில் பிடிபட்டால் உனக்கும் மறியல், எனக்கும் மறியல். ஆர் கேட்டாலும் நான் குடுக்கிறேல்லை" என்று நேரே சொல்வது நல்லது. ஒருவருக்கும் கொடுப்பதில்லை என்று ஊருக்குத் தெரிந்த வீட்டில் மறுப்பு அவமதிப்பாகத் தோன்றாது. ஒருவருக்குக் கொடுத்து மற்றவருக்கு மறுக்கும் வீட்டில்தான் பகை முளைக்கிறது.

அகுஸ்தீன் சொன்ன வெறுங்கை விஷயம் இங்கேதான் வருகிறது. மறுத்துவிட்டுக் கதவைச் சாத்துவது போதாது. காவற்கொட்டில் போட ஒரு கை கொடுக்கலாம். தீ மூட்டி, தகரமடித்து, இரண்டு இரவு கூடவே விழித்திருக்கலாம். அறுந்த வேலியை அடைக்க முட்கம்பி வாங்கக் கைமாற்றுக் கொடுக்கலாம். மைத்துனருக்குத் தாமே ஒரு பத்திரம் பெறும் தகுதியிருந்தால் கிராம சேவையாளரிடமும் கச்சேரியிலும் அலைய அவரோடு போகலாம். இத்தனைக்கும் செலவாகும் நேரம் துவக்கைத் தூக்கிக் கொடுப்பதிலும் எவ்வளவோ அதிகம். கொடுத்துவிடுவது எளிதாயிருப்பதாலேயே பலர் கொடுத்துவிடுகிறார்கள்.

கேட்டவர் துயரத்தில் இருப்பவராகத் தோன்றினால் பண்டியைப் பற்றிய பேச்சை விடுங்கள். அவரை இருத்தி, சாப்பிடச் சொல்லி, சாகவேண்டும் போலிருக்கிறதா என்று நேரடியாகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாய் வந்துவிடாது. அன்றிரவு தனியே அனுப்பவேண்டாம். அடுத்தநாள் ஆசுபத்திரிக்குக் கூட்டிப் போங்கள். 1926 என்ற தேசிய மனநல உதவித் தொலைபேசி இலக்கமும் இருக்கிறது.

கடைசியாக, துவக்கு வைத்திருப்பவரே கலங்கிய நிலையில் இருந்தால்? அப்போது சோக்கிரதீசின் கேள்வி அவர் மனைவியின் முன்னாலேயே வந்து நிற்கிறது. கணவன் வெறியில் அலுமாரித் திறப்பைக் கேட்கிறான். அவள் ஒளித்துவைத்து, தெரியாது என்பதுபோல் நிற்கிறாள். கணவனுக்குக் கீழ்ப்படியவில்லையே என்று இதைப் பாவசங்கீர்த்தனத்தில் சொல்லி அழவேண்டியதில்லை. தோட்டாவை வேறிடத்தில் வைப்பதும், பிள்ளைகளோடு அயல்வீட்டுக்குப் போய்விடுவதும், விடிந்ததும் மூத்த சகோதரர் ஒருவரோடு பொலிஸ் நிலையத்துக்குச் சென்று துவக்கை அங்கே பொறுப்பெடுக்கும்படி கேட்பதும் அவளால் செய்யக்கூடியவை. அவன் தெளிந்து, தெளிவிலே நிலைத்தபின் திரும்பப் பெறுவதைப் பற்றி ஆறுதலாகப் பேசிக்கொள்ளலாம்.