ஸ்லைடு நிற்கவில்லையா? கட்டைவிரலைப் பாருங்கள்

கடைசித் தோட்டா வெடித்ததும் பிஸ்டலின் ஸ்லைடு பின்னாலேயே நின்றுவிட வேண்டும். காலியான மேகசினின் உள்தட்டு ஸ்லைடு ஸ்டாப் லீவரை மேலே தள்ள, அது ஸ்லைடின் வெட்டில் மாட்டிக்கொள்ளும். அப்படி நிற்காமல் மூடிக்கொண்டதும் பலர் புது ஸ்பிரிங் வாங்க ஓடுகிறார்கள். காசைக் கரியாக்காதீர்கள். கோளாறு பெரும்பாலும் கையில்தான். மூன்றாம் தலைமுறை கிளாக் 17-ஐ வைத்துச் சொல்கிறேன்.

மேகசினைக் கழற்றி, ஸ்லைடை இழுத்து, சேம்பர் காலியா என்று கண்ணாலும் விரலாலும் பாருங்கள். மேசைமேல் ஒரு தோட்டாகூட இருக்கக் கூடாது.

காலி மேகசினைச் செருகி ஸ்லைடைக் கடைசிவரை இழுத்து விடுங்கள். ஐந்தாறு முறை. ஒரு மேகசினில் மட்டும் நிற்காவிட்டால் அதைப் பிரித்துத் துடையுங்கள். பிறகும் நிற்காவிட்டால் அதன் ஸ்பிரிங்கை மாற்றுங்கள். உள்ளே எண்ணெய் விடாதீர்கள், அழுக்கு ஒட்டும். எல்லா மேகசினுக்கும் பெயிண்ட்டில் எண் போட்டே ஆக வேண்டும். இல்லையென்றால் எது கெட்டது என்று தேடியே பொழுது போகும்.

எதிலுமே நிற்கவில்லையா? லீவரில் அழுக்கோ தேய்மானமோ இருக்கும். துடைத்தோ மாற்றியோ மாட்டிய பிறகு, லீவரை விரலால் தூக்கி விட்டால் சட்டென்று கீழே இறங்க வேண்டும். இறங்காவிட்டால், பிரித்து மாட்டியபோது அதன் ஸ்பிரிங்கை மேல் பின்னுக்குக் கீழே கொடுக்கத் தவறியிருப்பீர்கள்.

கையால் இழுத்தால் நிற்கிறது, சுட்டால் நிற்கவில்லை என்பதில்தான் எல்லாரும் குழம்புகிறார்கள். வலக்கைக்காரர் உயரமாகப் பிடித்தால் கட்டைவிரல் நேராக லீவர் மேல் உட்காரும். விரலின் கனத்தை மேகசின் ஸ்பிரிங் தூக்காது. விரல் அங்கே இருப்பது சுடுபவருக்குத் தெரியவே தெரியாது; சத்தியம் செய்து மறுப்பார்கள். ஆகவே ரேஞ்சில், மேகசினுக்கு ஒரே ஒரு தோட்டா போட்டுச் சுடுங்கள். பத்து முறை. ஐந்து வழக்கம்போல, ஐந்து கட்டைவிரலை வேண்டுமென்றே விலக்கி. விலக்கியபோது மட்டும் நின்றால் விஷயம் முடிந்தது: வலக் கட்டைவிரலை இடக் கட்டைவிரலின் அடிக்கணு மேல் வையுங்கள்.

விலக்கியும் நிற்காவிட்டால், மணிக்கட்டு தளர்கிறது அல்லது தோட்டாவில் விசை போதவில்லை. ஸ்லைடு முழுதாகப் பின்னால் போவதில்லை. அதே தோட்டாவை உறுதியாகப் பிடிக்கும் இன்னொருவரிடம் கொடுத்துச் சுடச் சொல்லுங்கள். அவருக்கும் நிற்காவிட்டால் தோட்டாவை மாற்றுங்கள்.

தோட்டா மிச்சமிருக்கும்போதே ஸ்லைடு நின்றுவிடுகிறதா? அப்போதும் விரலைத்தான் முதலில் பார்க்க வேண்டும். இந்த முறை அது லீவரைக் கீழிருந்து தூக்குகிறது.